பழைய கூரை வீடு: எங்கே கோளாறு என்று அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது

நூறு, இருநூறு ஆண்டுகள் ஒழுங்காக நின்ற கூரை வீடு ஒன்று திடீரென்று ஒழுகவும் உதிரவும் தொடங்கினால், ஏணியை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கடைசியாக இந்த வீட்டில் என்ன மாறியது? சுவருக்குச் சிமென்ட் பூசினார்களா, விறகடுப்பை எடுத்தார்களா, ஒரு சன்னலை அடைத்தார்களா, வெளியே சுற்றிலும் தளம் போட்டார்களா? நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் அதற்கு முந்தைய ரிப்பேரில்தான் தொடங்கியிருந்தன.

காரணம், இந்த வீடு வேலை செய்யும் விதம். மண், சுண்ணாம்பு, மரம், தாள் (கூரை வேயும் நாணல், வைக்கோல் தண்டு) என்று இதில் இருக்கும் எல்லாமே ஈரத்தைக் கொஞ்சம் உள்ளே வாங்கி, காற்றிலும் வெயிலிலும் திருப்பி விட்டுவிடும். நன்றாக வேய்ந்த கூரையில் எவ்வளவு மழை பெய்தாலும் மேலே 2, 3 செ.மீ. ஆழம்தான் நனையும். அதற்குக் கீழே கையை விட்டால் உலர்ந்திருக்கும். தண்ணீர் ஒரு தாளின் நுனியிலிருந்து அடுத்த தாளின் நுனிக்குத் தாவித் தாவி இறவாரம் (கூரையின் கீழ் விளிம்பு) வரை வந்து சொட்டிவிடுகிறது. ஆகவே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் இரண்டு விஷயம் தேடுகிறோம்: தண்ணீர் எந்த வழியாக வருகிறது, வந்த தண்ணீர் ஏன் வெளியேறவில்லை. இரண்டாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. நல்ல டார்ச், சாக்பீஸ், ரசமட்டம், தூக்குக்குண்டு, அளவு நாடா, ஒரு நோட்டு. மரத்தின் ஈரம் அளக்கும் மீட்டர் கிடைத்தால் நல்லது. பரணில் எலிப்புழுக்கை இருக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கூரையின் மேல் நேரடியாகக் கால் வைக்க வேண்டாம். ஒரு மிதி மிதித்தால் தாள் நகர்ந்து, இல்லாத ஒழுக்கு ஒன்று உருவாகும்.

மழை பெய்தால் உள்ளே சொட்டுகிறது

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. இதை நம்பாமல் நேர் மேலே பிரித்துப் பார்த்து, நன்றாக இருந்த கூரையைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். உள்ளே நுழைந்த நீர் கைமரத்தையோ (சரிவைத் தாங்கும் மரம்) வரிச்சையோ (அதன் குறுக்கே கட்டிய குச்சி) பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கி, ஏதாவது ஒரு முடிச்சோ ஆணியோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். எனவே பரணில் ஏறி, சொட்டும் புள்ளியிலிருந்து சரிவின் மேல் பக்கமாக மரத்தில் இருக்கும் கறுத்த தடத்தைப் பின்தொடருங்கள். தடம் முடியும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மழையிலும் பாருங்கள். இரண்டு மூன்று வட்டங்கள் ஒரே இடத்தில் விழுந்தால் நுழையும் இடம் கிடைத்துவிட்டது.

நேரமும் ஒரு துப்பு. மழை தொடங்கிய சில நிமிடங்களிலேயே சொட்டினால் எங்கோ திறந்த வழி இருக்கிறது, பெரும்பாலும் முகடு அல்லது புகைபோக்கியை ஒட்டிய இடம். நாள் முழுக்கப் பெய்த பிறகு மெதுவாக வந்தால் தாள் தேய்ந்து நீரை ஊறவிடுகிறது என்று அர்த்தம்.

முதல் சந்தேகம் எப்போதும் முகட்டின் மேல்தான் வர வேண்டும். இரண்டு சரிவும் சேரும் அந்த உச்சியில் தாளை வளைத்தோ மடித்தோ கட்டியிருப்பார்கள். வெயிலும் காற்றும் அதைத்தான் முதலில் தின்னும். நாணல் கூரையின் சரிவுப் பகுதி 30 ஆண்டுகளுக்கு மேல் தாங்கும், ஆனால் அதன் முகட்டை 10 முதல் 15 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும். முகடு மட்டும் போயிருக்கும்போது கூரை முழுவதையும் மாற்றச் சொல்லும் ஆலோசனையை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இரண்டாவது, புகைபோக்கியும் கூரையும் ஒட்டும் கோடு. அங்கே பூசியிருக்கும் சாந்து பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். கல் அசையாது, தாள் படியும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழுவது இயற்கை.

மூன்றாவது சரிவு. தாள் கூரைக்குக் குறைந்தது 45 பாகை வேண்டும், 50 இருந்தால் இன்னும் நல்லது. ஜப்பானின் ஷிராகவா-கோ கிராமத்து வீடுகளின் கூரை ஏறத்தாழ 60 பாகையில் நிற்கிறது; பனியும் வழுக்கி இறங்க வேண்டுமே. அளப்பது சுலபம். 1 மீட்டர் நீளச் சட்டத்தின் ஒரு முனையைக் கூரையில் தொட்டு, ரசமட்டம் வைத்துக் கிடையாகப் பிடியுங்கள். மறு முனையிலிருந்து செங்குத்தாகக் கூரைப் பரப்பு வரை அளந்தால் 1 மீட்டர் வந்தால் 45 பாகை. அதைவிடக் குறைந்தால் சரிவு போதாது.

இதில் ஒரு சூட்சுமம். 45 பாகைச் சரிவுகள் இரண்டு செங்கோணத்தில் கூடும் பள்ளத்தில் சரிவு 35 பாகைதான் இருக்கும். அதாவது வீட்டிலேயே அதிகத் தண்ணீர் ஓடும் இடம்தான் மிகவும் படுத்த இடமும்கூட. பிற்காலத்தில் மாடிச் சன்னலோ கூடுதல் அறையோ சேர்த்த வீடுகளில் அந்தப் பள்ளம் மட்டும் அடிக்கடி மக்கிப்போவது இதனால்தான். அந்தப் பகுதியை மட்டும் தடிமனாக வேய்ந்து, பள்ளத்தை முடிந்தவரை அகலமாக உருட்டிவிடச் சொல்லுங்கள்.

தரையில் நின்று பார்க்கும்போது தாளை அழுத்திப் பிடித்திருக்கும் கட்டுக்குச்சிகள் வெளியே தெரிகின்றனவா? மேலிருந்து கீழாக வாய்க்கால் போல் குழிந்திருக்கிறதா? குச்சி தெரிந்தால் மேல்தாள் தேய்ந்து தீர்ந்துவிட்டது, அந்தப் பகுதியை மறுபடி வேய வேண்டிய காலம் வந்துவிட்டது. சிறிய குழி மட்டும் என்றால், அதே வகைத் தாளை, அதே திசையில், கீழிருந்து மேலாகச் செருகி இறுக்கினால் போதும். நாணல் கூரையில் வைக்கோலைச் செருகினால் ஒரு மழைக்காலம் தாங்கும், அப்புறம் அந்த இடம்தான் முதலில் மக்கும்.

பிளாஸ்டிக் தாள் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அவசரத்துக்கு, சில நாட்களுக்கு, மேலே போர்த்தலாம். முகட்டைத் தாண்டி இரு பக்கமும் தொங்க வேண்டும், அடியில் காற்று ஓட வேண்டும், மழை விட்டதும் எடுத்துவிட வேண்டும். தாளுக்கும் வரிச்சுக்கும் நடுவில் நிரந்தரமாக விரித்துவிட்டால் ஒழுக்கு நின்றதுபோல் தெரியும். நான்கைந்து ஆண்டுகளில் அடித்தாள் சாணி போல் ஆகியிருக்கும்.

மழையே இல்லை, ஆனாலும் கூரையின் உட்புறம் ஈரம்

இது ஒழுக்கு அல்ல. குளிர்ந்த அதிகாலையில் ஆணித் தலைகளிலும் மரத்திலும் முத்துமுத்தாக நீர் நின்றால், வீட்டுக்குள் இருக்கும் நீராவி மேலே போய்க் குளிர்ந்து படிகிறது. சமைப்பது, குளிப்பது, துணி உலர்த்துவது எல்லாம் சேர்ந்ததுதான் அந்த நீர். முன்பு அது கதவிடுக்கு, முக்கோணச் சுவரின் துவாரம், புகைபோக்கி என்று எங்கெங்கோ வெளியேறிக்கொண்டிருந்தது. எதை அடைத்தீர்கள் என்று யோசியுங்கள்.

அடுப்பு மாறியதும் காரணமாக இருக்கலாம். ஷிராகவா-கோ வீடுகளின் நடுவே இரோரி என்ற திறந்த அடுப்பு எரியும். அதன் புகை மேலே ஏறிக் கூரையை உலர்த்தியது, பூச்சியை விரட்டியது, மரங்களைக் கட்டியிருந்த கயிற்றுக்கும் பாதுகாப்பாக இருந்தது. அந்த நெருப்பை அணைத்துவிட்டு எரிவாயு அடுப்புக்குப் போன எந்தக் கூரை வீட்டிலும் இந்த மூன்று வேலைகளும் நின்றுபோகும். மறுபடி புகை மூட்டச் சொல்லவில்லை. பரணில் எதிரெதிராக இரண்டு காற்றுத் துவாரங்களைத் திறந்து, வலை அடித்துவிடுங்கள். குளியலறை நீராவி நேராக வெளியே போக வழி செய்யுங்கள்.

உட்புறத் தாள் கன்னங்கரேல் என்று இருந்தால் அதைக் கோளாறாக நினைத்துப் பிய்த்துப் போட வேண்டாம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் சில வீடுகளின் அடித்தாள், புகைபோக்கி இல்லாத இடைக்காலத்து அடுப்பின் கரி படிந்து, 500 ஆண்டுகளுக்கும் மேலாக அப்படியே இருக்கிறது. அன்றைக்கு விளைந்த கோதுமை, ரை (rye) என்ற தானிய வகைகளையும் கூடவே வளர்ந்த களைகளையும் அந்தத் தாளிலிருந்துதான் ஆராய்ச்சியாளர்கள் அடையாளம் கண்டார்கள். தொட்டால் உலர்ந்து மொறுமொறுவென்று இருந்தால் அது ஆரோக்கியமான கூரை. பிசுபிசுத்தாலோ பூஞ்சை வாடை அடித்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

சுவரின் அடிப்பகுதி நனைந்து பூச்சு உதிர்கிறது

இந்த அறிகுறிக்குத்தான் அதிகம் தவறான வைத்தியம் நடக்கிறது.

ஈரம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று முதலில் கோடு போடுங்கள். வெளிப்பக்கம் மட்டும், முழங்கால் உயரம் வரை, கீழே அதிகமும் மேலே போகப்போகக் குறைவுமாக இருந்தால், இறவாரத்திலிருந்து விழும் நீர் தரையில் மோதித் தெறிக்கிறது. கூரை வீட்டுக்கு மழைநீர்க் குழாய் கிடையாது. அதற்குப் பதிலாகத்தான் இறவாரத்தை அரை மீட்டர் அளவுக்கு வெளியே நீட்டுகிறார்கள். நீர் விழும் கோட்டில் சிமென்ட் தளம் போட்டிருந்தால் தெறிப்பு அதிகமாகும். தளத்தை உடைத்து அந்தக் கோட்டில் கூழாங்கல் நிரப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். இறவாரத்து நுனி தேய்ந்து குட்டையாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

உள்ளும் புறமும் சம உயரத்தில், வெள்ளை உப்புக்கோடு ஒன்றுடன் ஈரம் நின்றால் நிலத்திலிருந்து ஏறுகிறது. மண்சுவரைக் கல் பீடத்தின் மேல்தான் எழுப்பியிருப்பார்கள். அந்தப் பீடம் எங்கே என்று தேடுங்கள். பல வீடுகளில் தோட்டத்து மண்ணும் சாலையும் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து, பீடம் புதைந்து, மண்சுவரே நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மண்ணைப் பழைய மட்டத்துக்கு இறக்க வேண்டும். ஆனால் சுவரை ஒட்டி ஆழமாக வாய்க்கால் வெட்டாதீர்கள். பழைய சுவருக்கு அஸ்திவாரம் என்று சொல்லும்படி ஆழமாக ஒன்றும் இருக்காது, வெட்டினால் சுவர் வாய்க்காலுக்குள் நடந்து வரும்.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. பார்வைக்குச் சுவர் நன்றாக இருக்கும். வெளியே சிமென்ட் பூச்சு, மேலே பளபளக்கும் பெயின்ட். தட்டினால் டொக் டொக் என்று உள்ளீடற்ற ஓசை. மண்சுவர் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் ஏற்பக் கொஞ்சம் அசையும், சிமென்ட் அசையாது, அதனால் மயிரிழை போல் விரிசல் விடும். அந்த விரிசல் மழையை உறிஞ்சும். உள்ளே போன நீர் ஆவியாக வெளியே வர முடியாமல் சுவருக்குள்ளேயே இறங்கி அடியில் தேங்கும். மண்சுவருக்கு உலர்ந்திருக்கும்வரைதான் பலம். ஊறிவிட்டால் அது மறுபடி சேறுதான்.

இப்படி ஒரு வீட்டில், அழுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று இடுப்பளவுக்குச் சிமென்ட் பட்டி அடித்திருந்தார்கள். ஈரம் பட்டிக்கு மேலே ஏறியது. பட்டியை உயர்த்தினார்கள். ஈரமும் உயர்ந்தது. மூன்றாவது முறை பட்டி என் தோள் வரை வந்திருந்தபோது நான் பார்த்தேன். பட்டியின் ஓரத்தில் ஒரு கரண்டியைச் செருகினேன், எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடி வரை போய்விட்டது. அந்தச் சுவரை அப்போது தாங்கிக்கொண்டிருந்ததே அந்தச் சிமென்ட் ஓடுதான்.

அதனால் சிமென்டை எடுக்க வேண்டும் என்பது சரி, எடுக்கும் முறையில் கவனம் வேண்டும். சுவர் அடியில் புடைத்திருந்தாலோ, கம்பி எளிதாக உள்ளே போனாலோ, கை வைக்காமல் முட்டுக்கொடுத்துவிட்டுக் கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். சுவர் கெட்டியாக இருந்தால், மழையில்லாத பருவத்தில், ஒரு முழ அகலப் பட்டைகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாக உடைத்து எடுக்கலாம். பிறகு காத்திருக்க வேண்டும். தடித்த சுவர் 25 மி.மீ.க்கு ஒரு மாதம் என்ற வேகத்தில் உலரும் என்பது கட்டடக்காரர்களின் தோராயக் கணக்கு. 60 செ.மீ. சுவர் என்றால் இரண்டு ஆண்டு. சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஈரத்தின் மேல் பூசினால் எந்தப் பூச்சும் நிற்காது.

உலர்ந்தபின் கரைந்துபோன இடத்தை அதே மண்ணால் நிரப்பி, சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள். ஒவ்வொரு பூச்சும் 1 செ.மீ. தடிமனைத் தாண்ட வேண்டாம். நேர் வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாகக் காயவிட வேண்டும், சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். மேலே பெயின்ட் வேண்டாம். பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பை நான்கைந்து முறை அடித்தால் போதும். கண்ணாடியும் கையுறையும் போடாமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம்.

சுவரில் விரிசல், அல்லது சுவர் சாய்கிறது

விரிசல் எங்கே அகலமாக இருக்கிறது என்று பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால், அதோடு தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கும்போது சுவரின் தலை வெளிப்பக்கம் போயிருந்தால், கூரை சுவரைத் தள்ளுகிறது. கைமரங்கள் இரண்டும் காலை அகட்டப் பார்ப்பவை. குறுக்கே போகும் விட்டம்தான் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. தலை இடிக்கிறது என்றோ, பரணில் அறை எடுக்க வேண்டும் என்றோ யாரோ ஒருவர் அந்த விட்டத்தை அறுத்திருப்பார். பரணில் அறுத்த முனையைத் தேடுங்கள். கிடைத்தால் விரிசலைப் பூசி என்ன பயன்? முதலில் விட்டத்தைத் திரும்பக் கட்ட வேண்டும், அது பொறியாளர் வேலை.

சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு போல் இறங்கும் விரிசல் அடித்தளம் இறங்கியதைக் காட்டும். அருகில் குழாய் கசிகிறதா, பெரிய மரம் வந்திருக்கிறதா அல்லது வெட்டப்பட்டதா என்று விசாரியுங்கள். பழைய வீடும் பிற்காலத்து அறையும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக ஒரு விரிசல் இருந்தால், இரண்டும் தனித்தனியாகப் படிந்திருக்கின்றன, அவ்வளவுதான். மரச்சட்டம் நிறுத்தி நடுவில் வரிச்சு கட்டி மண் பூசிய சுவர் என்றால், சட்டத்தை ஒட்டிய மெல்லிய விரிசல் மரம் சுருங்கியதால் வந்தது. பளுவைச் சட்டம் தாங்குகிறது, சுவர் சும்மா நிற்கிறது.

எதுவானாலும் உடனே பூசி மறைக்காதீர்கள். விரிசலின் இருபுறமும் பென்சிலால் புள்ளி வைத்து, இடையிலுள்ள தூரத்தை மாதம் ஒருமுறை ஓராண்டு எழுதி வையுங்கள். மழைக்காலத்தில் கூடி வெயிலில் குறைந்து பழைய அளவுக்கே வந்தால் அது வீட்டின் மூச்சு. கூடிக்கொண்டே போனால் ஆளைக் கூப்பிட வேண்டும்.

புகைபோக்கிப் பக்கம் சூடு, கருகல் வாடை

இதற்கு மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அடுப்பை அணைத்துவிட்டு, எல்லோரையும் வெளியேற்றி, தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். தாள் கூரை உள்ளே கனன்றுகொண்டே பல மணி நேரம் இருக்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். 1212-இல் பெரும் தீ ஒன்றுக்குப் பிறகு லண்டன் நகரம் நாணல், வைக்கோல் கூரைகளுக்கே தடை போட்டது.

தீ இல்லை என்று உறுதியான பிறகு காரணம் தேடலாம். பழைய தாளின் மேலேயே புதுத் தாளை வேய்ந்துகொண்டே போவது பல இடங்களில் வழக்கம். 30 செ.மீ. இருந்த கூரை தலைமுறைகளில் ஒரு மீட்டரைத் தொட்டுவிடும். இதனால் இரண்டு கெடுதல். புகைபோக்கியைச் சுற்றிய போர்வை தடித்து, செங்கல்லின் சூடு வெளியேறாமல் தாளிலேயே தேங்கும். கூரை உயர உயர, புகைபோக்கி தானாகக் குட்டையாகும். இங்கிலாந்தின் கட்டட விதிகள் இப்படிப்பட்ட கூரையில் புகைபோக்கியின் வாய் கூரைப் பரப்புக்கு மேல் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கின்றன, பொறி கீழே விழுவதற்குள் அணைந்துவிட வேண்டும் என்பதற்காக. உங்கள் வீட்டில் அளந்து பாருங்கள்.

திறந்த அடுப்பை எடுத்துவிட்டு மூடிய இரும்பு அடுப்பு வைத்த வீடுகளில் இன்னும் கவனம் தேவை. அதன் புகை மிகவும் சூடானது, பழைய செங்கல் கூண்டு அதற்காகக் கட்டப்பட்டதல்ல. உள்ளே தனிக் குழாய் இறக்காமல் பயன்படுத்தாதீர்கள். ஈர விறகு எரித்தால் தார் படியும், அந்தத் தாரே ஒருநாள் பற்றும். பொறி தடுக்கும் வலையை வாயில் மாட்டிவிட்டு மறந்துவிடுவதும் தவறு. கரி அடைத்துக்கொண்டு புகை வீட்டுக்குள் திரும்பும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆள் வைத்துக் கரி தட்டுங்கள். பரணில் எலி கடித்த மின்கம்பி, கூரைக்குள் பதித்த விளக்கு இரண்டையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மரத்தடியில் மாவு போல் பொடி

1, 2 மி.மீ. ஓட்டைகள் எல்லாப் பழைய மரத்திலும் இருக்கும். பெரும்பாலும் வண்டு வெளியேறி எத்தனையோ ஆண்டு ஆகியிருக்கும். கீழே ஒரு வெள்ளைத்தாளை விரித்து ஒரு கோடைக்காலம் பாருங்கள். புதிதாக வெளிர்நிறப் பொடி விழுந்தால் உளுப்பது தொடர்கிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் பூஞ்சை வளராது, வண்டுக்கும் பிடிக்காது. ஆகவே மருந்துக்கு முன் ஈரம் எங்கிருந்து என்று தேடுங்கள். சுவரில் மண்குழாய் ஏறினால் கரையான், அது வேறு கதை. குழாயை உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி கட்டியிருக்கிறதா என்று பார்த்து, கட்டியிருந்தால் நிலத்திலிருந்தே தடுக்க வேண்டும்.

கூரையில் பாசி, குருவி, எலி

வடக்குப் பக்கமோ மரநிழலோ என்றால் பாசி வரத்தான் செய்யும். கிளையை வெட்டிக் காற்று விடுங்கள். அழுத்தத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் பாசியோடு மேல்தாளும் போய்விடும். தாளைப் பிடுங்கும் குருவிக்கு வலை போடலாம், ஆனால் அவசரத்தில் கழற்றும்படி கட்டுங்கள். எலி வருவது பெரும்பாலும் கதிரில் மணி மிஞ்சிய வைக்கோலுக்காக. அடித்துத் தூற்றாத தாளை வேய விடாதீர்கள்.

முகட்டுக்கோடு வளைந்து தொங்குகிறது

இதைப் பார்த்துப் பதறாதவர்கள் குறைவு. பழைய படம் ஏதாவது கிடைக்கிறதா என்று தேடி ஒப்பிடுங்கள். முனைக்கு முனை நூல் கட்டி நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து, ஓராண்டு கழித்து மறுபடி அளங்கள். கூடியிருந்தால் உள்ளே முகட்டு வளையோ கைமரமோ உளுத்திருக்கிறது, பக்கத்தில் புது மரம் சேர்த்துக் கட்ட வேண்டும். கூடவில்லை என்றால் தொடாதீர்கள். பச்சை மரமாக ஏற்றியபோது வளைந்தது அப்படியே காய்ந்து நின்றுவிட்டது. அதை நேராக்குகிறேன் என்று ஜாக்கி வைத்துத் தூக்கினால், அந்த வளைவுக்கு ஏற்பப் படிந்துபோன கூரை முகட்டில் வாய் பிளந்துகொள்ளும், முதல் மழையிலேயே சாக்பீஸைத் தேட வேண்டியிருக்கும்.